டில்ட் தொல்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏற்காட்டில் தாத்தா வீட்டில் கிடந்த பழைய பின்பால் (பந்தைத் தட்டிப் பாயிண்ட் சேர்க்கும் ஆட்டம்) மெஷினைத் துடைத்து ஓட்டினோம். கை வைத்தாலே டில்ட் விழுகிறது. மெஷின் பழுதா?

பதில்: மெஷினை ரொம்ப ஆட்டினால் ஆட்டத்தை முடக்குவதுதான் டில்ட். முதலில் தரையைப் பாருங்க. மலை வீட்டுத் தரை எங்கே மட்டமாக இருக்கிறது! பெட்டிக்குள் ஒரு கம்பியில் குண்டு தொங்கும், சுற்றி ஒரு வளையம். நம்ம கொத்தனாரின் தூக்குக்குண்டேதான். குண்டு வளையத்தைத் தொட்டால் டில்ட் ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும். பந்தைத் தட்டும் ஃபிளிப்பர் செத்துவிடும், பாயிண்ட் ஏறாது, அந்தப் பந்து போச்சு. கண்ணாடியை எடுத்து, பலகைமேல் குறுக்காக ரசமட்டம் வைத்து, கால் திருகைச் சரிசெய்யுங்க. அதன்பிறகும் குண்டு நடுவில் நிற்காவிட்டால் வளையத்தின் தகட்டை நகர்த்துங்க. கம்பியை வளைக்க வேண்டாம். கடைசியில்தான் குண்டின் திருகைத் தளர்த்தி, குண்டைக் கம்பியில் மேலே கீழே நகர்த்தணும். குண்டு கூம்பு வடிவம். அதன் ஒல்லியான பகுதி வளையத்துக்குள் வந்தால் இடைவெளி கூடும், பருத்த பகுதி வந்தால் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஆடிப் பாருங்க. தட்டி ஆடுவதுதான் இதில் ருசி. டில்ட்டை ஒரேயடியாக இறுக்கிவிட்டால் யாரும் இரண்டாவது ஆட்டம் ஆட மாட்டார்கள்.

கேள்வி: சுவிட்ச் போட்டவுடனே டில்ட் விளக்கு எரிகிறது. குண்டு எதையும் தொடவில்லை.

பதில்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டில்ட் சுவிட்ச் ஒவ்வொன்றின் இலைகளுக்கு (ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் பாயும் மெல்லிய தகடுகள்) நடுவிலும் கல்யாணப் பத்திரிகை அட்டைத் துண்டைச் செருகுங்க. மறுபடி போட்டுப் பாருங்க. எதைச் செருகியதும் விளக்கு அணைகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் செருகியும் எரிந்தால் ரிலேவையே சந்தேகப்படுங்க. அமெரிக்க மெஷின் 115 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம 230-ல் நேராகச் செருகிவிடாதீங்க, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

கேள்வி: பையன் முன்பக்கத்தைத் தூக்கி ஏமாற்றுகிறான், டில்ட் ஆவதில்லை.

பதில்: பெட்டியின் பக்கச் சுவரில் சரிவான தடத்தில் ஒரு சின்ன உருண்டை இருக்கும். முன்பக்கம் தூக்கினால் அது பின்னே உருண்டு சுவிட்சைத் தொட வேண்டும். பாதி மெஷின்களில் உருண்டையே தொலைந்திருக்கும், பார்த்துவிடுங்க.

கேள்வி: பனிக்காலத்தில் கான்டாக்ட் கறுக்கிறது. உப்புத்தாள் தேய்க்கலாமா?

பதில்: கூடாது, மேல்பூச்சு போய்விடும். ஆல்கஹால் நனைத்த அட்டையை இரண்டு இலைக்கும் நடுவே இழுத்தாலே போதும்.

கேள்வி: சேலத்திலிருந்து மலைக்கு ஏற்றணும். எதையாவது கழற்றணுமா?

பதில்: குண்டைக் கழற்றிப் பையில் போடுங்க. ஒருமுறை நான் மறந்து ஏற்றினேன். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போய்த் திறந்தால், கம்பி கொக்கியாக வளைந்து கிடந்தது.