சத்தம் கேட்கும், சொல் விளங்காது: வாசகர் கேள்வி பதில்

(பதில் தருபவர்: யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர்)

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. என்ன சொன்னாலும் "ஓம், ஓம்" என்கிறார், பிறகு வேறொன்றைச் செய்கிறார். புதன்கிழமை கிளினிக் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அன்றைக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விட்டார். ரிவியை ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி வைக்கிறார். நான் உரத்துச் சொன்னால் "ஏன் என்னை ஏசுறாய்?" என்று கோபிக்கிறார். பேரப்பிள்ளைகள் அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டார்கள். இது பிடிவாதமா, மறதியா?
– ஒரு மகள், கொக்குவில்

பதில்: பிள்ளை, இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டுவதற்கு முன் அப்பாவின் காதைப் பாருங்கள். ரிவி பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி எனக்குப் போதும்.

வயதோடு வருகிற செவிப்புலன் குறைவு கீச்சான ஒலிகளில்தான் தொடங்கும். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். சொல்லை இன்ன சொல் என்று காட்டுகிற க, ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள்தான் நழுவிப்போகும். "பால்" என்று நீங்கள் சொல்ல, அவருக்குக் "கால்" என்று விழும். பெண்களின் குரலும் சின்னப்பிள்ளைகளின் குரலும் கீச்சானவை என்பதால் உங்களையும் பேரப்பிள்ளைகளையும் விளங்கிக்கொள்வது அவருக்கு இன்னும் கஷ்டம். பக்கத்து வீட்டு ஐயாவோடு மட்டும் வடிவாகக் கதைக்கிறாரே என்று நினைத்திருப்பீர்கள். அதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

கத்துவதாலும் பயனில்லை. இப்படிப்பட்ட காதில் "கேட்கவில்லை" என்பதற்கும் "தாங்க முடியவில்லை" என்பதற்கும் இடையிலுள்ள தூரம் ஒடுங்கிவிடும். மெல்லச் சொன்னால் எட்டாது, உரத்துச் சொன்னால் காதில் அறையும். அதோடு, கத்துகிற முகம் கோபமான முகமாகத்தான் தெரியும். ஏசுவதாக அவர் சொன்னது பொய்யில்லை.

அந்த "ஓம்" எங்கிருந்து வருகிறது தெரியுமா? மூன்றாம் தரமும் "என்ன?" என்று கேட்க வெட்கம். கிளினிக் விறாந்தையில் வாங்கில் இருந்த எத்தனையோ ஐயாமார், பெயர் கூப்பிட்டது விளங்காமல், பக்கத்தில் இருந்தவர் எழும்பத் தாங்களும் எழும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன். கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோதுதான், இவ்வளவு நாளும் வாயசைவைப் பார்த்தே சமாளித்தோம் என்று பலருக்குத் தெரியவந்தது.

அதனால் குசினிக்குள் நின்று கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து, தோளைத் தொட்டு, அவர் உங்களைப் பார்த்த பிறகு தொடங்குங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். ரிவியையும் மின்விசிறியையும் நிற்பாட்டுங்கள். வழக்கமான குரலில், கொஞ்சம் தணித்து, ஆறுதலாகச் சொல்லுங்கள். விளங்கவில்லை என்றால் அதே வசனத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். நாளும் நேரமும் கலண்டரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். "புதன் கிளினிக், சரியோ?" என்று கேட்டால் "ஓம்" தான் வரும். "புதன்கிழமை எத்தனை மணிக்கு வெளிக்கிடுவம், அப்பா?" என்று கேளுங்கள். இதற்கு "ஓம்" என்று பதில் வந்தால், போய்ச் சேரவில்லை என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். சில வேளை காதுக்குறும்பி அடைத்திருப்பதுதான் முழுக்காரணமும். அதை ஊசியால் கிண்டவோ எண்ணெய் விடவோ வேண்டாம். கேட்கும் கருவி கொடுத்தால், முதல் நாளில் கோப்பை சத்தமும் காகச் சத்தமும் மண்டைக்குள் விழுகிறது என்று கழற்றி லாச்சிக்குள் வைத்துவிடுவார். பழக வாரக்கணக்கில் எடுக்கும். அமைதியான நேரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடப் பழக்குங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மறதியையும் கேட்டிருந்தீர்கள். செவிப்புலன் குறைவு, மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளில் ஒன்று என்று 2017 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு சொன்னது. பேரப்பிள்ளைகளைத் திரும்ப அவரோடு கதைக்க வைப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மாருக்கு எல்லாம் விளக்கமாகச் சொல்லுகிறேன், தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை பார்த்தால் குளிசை அப்படியே இருக்கிறது, அல்லது தேத்தண்ணியோடு போடுகிறார்கள்.
– வேலணை

பதில்: தங்கச்சி, வைத்தியத்துறையினர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளி உடனேயே மறந்துவிடுவதாக 2003 இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. கூடச் சொல்லச் சொல்ல, கூட மறக்கும். ஒரு சந்திப்பில் இரண்டு விஷயம் போதும்: இரும்புச்சத்துக் குளிசை தேத்தண்ணியோடு வேண்டாம், கல்சியம் குளிசையையும் அதையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். தேயிலையும் கல்சியமும் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் மனதில் நிற்கும்.

பிறகு "விளங்கினதோ?" என்று கேட்க வேண்டாம். "வீட்டை போய் மாமிக்கு எப்பிடிச் சொல்லுவீங்கள்?" என்று கேளுங்கள். அந்தத் தாய் தன் வாயால் சொல்லும்போது எது விடுபட்டது என்று தெரியும். மாமியைச் சும்மா இழுக்கவில்லை. காலையில் தேத்தண்ணியைக் கையில் கொடுப்பவர் பல வீடுகளில் அவர்தான். வீட்டுக்குப் போகும்போது அவரையும் பக்கத்தில் இருத்திக் கதையுங்கள்.

குளிசை அப்படியே இருந்தால் முதலில் ஏசாதீர்கள். வயிற்றுப்பிரட்டலோ மலச்சிக்கலோ வந்து நிறுத்தியிருப்பார்கள். ஏச்சுக்குப் பயந்தால் அதைச் சொல்லவே மாட்டார்கள்.

கேள்வி: மகன் ரொறன்ரோவில். நான் எடுத்தால் இரண்டு சொல்லோடு வைத்துவிடுகிறான். நான் வேண்டாதவளாகிவிட்டேனா?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: இல்லை அம்மா. நீங்கள் காலை 7 மணிக்கு எடுத்தால் அங்கே முதல்நாள் இரவு 9.30, குளிர்காலத்தில் 8.30. வேலையால் வந்து சாப்பிடுகிற, பிள்ளைகளைப் படுக்க வைக்கிற நேரம். எந்த நாள், எத்தனை மணி வசதி என்று அவரிடமே கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள், ஓய்வாகக் கேட்பார். இன்னொன்று: "ஏன் எடுக்கேல்லை?" என்று தொடங்கினால் அவர் காரணம் சொல்லத் தொடங்குவார், கதை அங்கேயே முடிந்துவிடும். முற்றத்து மாமரம் பூத்திருப்பதைச் சொல்லித் தொடங்குங்கள்.

கேள்வி: கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்தில் இருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்திருக்கிறது. வாசிக்க முடியவில்லை. என்ன செய்வது?
– வட்டுக்கோட்டை

பதில்: தம்பி, 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. 1988 இல் வந்த 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் அதன் இடத்தை இன்னும் தெளிவாக்கியது. தமிழில் கடிதம் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதல் வேலையாக, சிங்களம் தெரிந்த ஒருவரிடம் இன்றே வாசிப்பித்து, அதில் கடைசித் திகதி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கடித இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் கவனமாக வைத்திருங்கள்.