ரைட் ஃபீல்டில் நிற்கிற மகளைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு

ஓக்லஹோமாவில் எட்மண்டுக்குக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது, பன்னிரண்டு வயது மகள் ஆசைப்பட்டு, பேஸ்பால் மாதிரியே ஆடுகிற சாஃப்ட்பால் அணியில் சேர்ந்திருக்கிறாள், பயிற்சியாளர் அவளை எப்போதும் ரைட் ஃபீல்டில்தான், அதாவது மைதானத்தின் வலது தூர மூலையில்தான் நிறுத்துகிறார், பந்து அந்தப் பக்கம் வருவதே இல்லை, ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக வந்தவர்கள் என்பதால் ஓரங்கட்டுகிறார்களோ என்பது உங்கள் முதல் கேள்வி. ஊர் ஊராகப் போய் ஆடுகிற டிராவல் அணியில் பணம் கட்டிச் சேர்த்தால் காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே, நம்பலாமா என்பது இரண்டாவது.

நான் இதே மாநிலத்தில் நார்மனுக்கு வந்து இருபத்து மூன்று வருடமாகிறது. சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் ஊரில் பையன்கள் கையில் ஹாக்கி மட்டை இருக்கிற மாதிரி, இங்கே பெண் பிள்ளைகள் கையில் சாஃப்ட்பால் பேட் இருக்கும். என் மகளும் பள்ளி முடிகிறவரை ஆடினாள். அவளும் அவுட்ஃபீல்ட்தான், அதாவது வேலிப் பக்கம் நிற்கிற மூன்று பேரில் ஒருத்தி. அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: ஆமாம், ஓரளவு ஓரங்கட்டுவதுதான். ஆனால் நிறத்தைப் பார்த்து என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் இன்னும் பழகாத பிள்ளையை ரைட் ஃபீல்டில் விடுவது இங்கே ஊரறிந்த வழக்கம், வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். வலது கைக்காரர்கள் அடிக்கிற பந்து பெரும்பாலும் இடது பக்கமாகவோ நேராகவோ போகும், அந்த மூலைக்குக் குறைவாகவே வரும். ஆனால் இதெல்லாம் பத்து வயதுக் கணக்கு. பதிமூன்று, பதினான்கில் எல்லாம் மாறிவிடும். அடி பலமாகும், பந்து மூன்று பக்கமும் பறக்கும், ஓடத் தெரிந்த பிள்ளையை அவுட்ஃபீல்டில் தேடுவார்கள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அவுட்ஃபீல்ட் என்றால் மட்டம் என்று நினைத்தால் ஆட்கள் சிரிப்பார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஜேடா கோல்மன் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மகளின் அணியில் யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

டெக்ஸாஸில் தி காலனி என்று ஓர் ஊர். டாலஸுக்கு வடக்கே, நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வீடு வாங்கியிருக்கிற ஃபிரிஸ்கோவை ஒட்டி இருக்கிறது. ஜேடா அந்த ஊர்ப் பெண். அங்கிருந்து நார்மனுக்கு வந்து ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியில் சேர்ந்து, 2021 முதல் 2024 வரை நான்கு சீசன் ஆடினார். சென்டர் ஃபீல்டர், அந்த மூன்று பேரில் நடுவில் நிற்பவர். பேட்டிங்கில் பெரும்பாலும் முதல் ஆளாக இறங்குவார். நான்கு வருடமும் தேசிய சாம்பியன் பட்டம். தொடர்ந்து நான்கு முறை வென்ற அணி அதற்கு முன் அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் கிடையாது. கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ 1988 முதல் 1990 வரை மூன்று முறை வென்றதோடு நின்றது. ஆல் அமெரிக்கன் என்று நாடு முழுக்க அலசித் தேர்ந்தெடுக்கிற பட்டியலிலும் ஜேடா பெயர் ஒரு முறைக்கு மேல் வந்தது.

நான்கு பட்டமும் சுலபமாக வந்துவிடவில்லை. 2021 தேசியத் தொடரில் முதல் ஆட்டத்திலேயே ஜேம்ஸ் மேடிசன் என்று யாரும் பெரிதாக மதிக்காத அணியிடம் தோற்றார்கள். இன்னொரு தோல்வி என்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அங்கிருந்து எழுந்து வந்து, இறுதிச் சுற்றில் புளோரிடா ஸ்டேட்டிடமும் முதல் ஆட்டத்தைக் கோட்டைவிட்டு, அடுத்த இரண்டையும் வென்றார்கள். 2022 அப்படியில்லை, இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் டெக்ஸாஸை 16-1 என்று துவைத்தெடுத்தார்கள். 2023-ல் ஆடிய 62 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் தோல்வி.

அந்த 2023 இறுதிச் சுற்றில், மறுபடியும் புளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக, ஜேடா பிடித்த ஒரு கேட்சைப் பற்றி எங்கள் ஊர்க் கடைகளில் இன்னும் பேசுகிறார்கள். கிரிக்கெட்டில் சிக்ஸர் போகிற பந்தை பவுண்டரிக் கயிற்றுக்கு மேலே எம்பிப் பிடிப்பார்களே, அதே கதைதான். இங்கே கயிறு இல்லை, ஆளுயரத்துக்கு வேலி. அடித்தவுடனேயே ஹோம் ரன் என்று எதிரணி குதிக்க ஆரம்பித்துவிட்டது. ஜேடா பின்னால் ஓடி, எம்பி, வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த பந்தை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்கோர் அட்டையில் அது வெறும் ஒரு அவுட். அவுட்ஃபீல்டர் பிழைப்பே இப்படித்தான், தடுத்த ரன்னுக்குக் கணக்கு எழுதுகிற கட்டம் அட்டையில் கிடையாது.

அடுத்த வருடம் கதை திரும்பியது. 71 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டு வந்த அணி, 2024 மார்ச்சில் லவ்ஸ் ஃபீல்ட் என்ற புது மைதானம் நார்மனில் திறந்த அதே வார இறுதியில் லூசியானாவிடம் தோற்றது. 4,200 இருக்கை போட்டுப் பிரமாதமாகக் கட்டிய மைதானம், திறப்பு விழாவிலேயே அபசகுனம் என்று என் நண்பர் ஒருவர் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். அப்புறம் ஜூனில் அரையிறுதி. திங்கள்கிழமை புளோரிடாவிடம் 9-3 என்று தோல்வி. செவ்வாய்க்கிழமை, ஜூன் 4, அதே புளோரிடாவோடு வாழ்வா சாவா ஆட்டம். சாஃப்ட்பாலுக்கு ஏழு இன்னிங்ஸ். ஏழு முடிந்தும் 5-5. எட்டாவது இன்னிங்ஸில் ஜேடா வந்து ஒரே அடி, பந்து வேலியைத் தாண்டிப் போனது, 6-5, ஆட்டம் முடிந்தது. முந்தைய வருடம் அடுத்தவர் ஹோம் ரன்னை வேலிக்கு மேலிருந்து பறித்த அதே பெண். அன்று நான் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தபடி போனை மேஜைக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திவிட்டேன். மேலாளரும் கத்தினார், அவரும் மேஜைக்கடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு நாளில் டெக்ஸாஸை 8-3, 8-4 என்று வென்று நான்காவது பட்டம்.

சரி, உங்கள் மகள் அந்த மூலையில் நின்று என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். இதை யாரும் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை, நானே இரண்டு சீசன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

சாஃப்ட்பால் மைதானம் சிறியது. அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடங்களைத்தான் பேஸ் என்கிறார்கள், ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 60 அடிதான். பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தூரத்திலிருந்து வீசுகிறார், வேலி 200 முதல் 220 அடிக்குள் முடிந்துவிடும். தூரம் குறைவு என்பதால் நேரமும் குறைவு. பந்து பேட்டில் பட்ட சத்தத்திலேயே முன்னாலா பின்னாலா என்று முடிவு செய்து முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். அது தப்பாகிவிட்டால் அப்புறம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எட்டாது. பின்னால் போகிற பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓட வேண்டும், முகத்தைப் பந்துக்குக் காட்டியபடி பின்னடி வைத்து ஓடினால் விழுவாள். என் மகள் விழுந்திருக்கிறாள், முன்பல் ஒன்று ஆடிப்போனது.

ரைட் ஃபீல்டுக்கென்று தனி வேலை உண்டு. உள்ளே நிற்பவர்கள் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிகிற ஒவ்வொரு முறையும் ரைட் ஃபீல்டர் அதற்குப் பின்னால் ஓட வேண்டும், எறி தவறினால் பிடிக்க. நூறு முறை ஓடினால் ஐந்து முறைதான் பந்து தவறும், ஆனால் அந்த ஐந்தும் ரன். அப்புறம், மைதானம் சிறியது என்பதால் கொஞ்சம் முன்னால் நின்றால் தரையில் உருண்டு வருகிற பந்தைப் பொறுக்கி நேரே ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து, அடித்த பெண்ணையே அவுட்டாக்கலாம். உங்கள் மகள் இதை ஒரு தடவை செய்துகாட்டட்டும், பயிற்சியாளர் அவள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வார்.

ஜேடாவுக்கு முந்தைய தலைமுறையில் லாரா பெர்க் என்று ஒருவர். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ ஸ்டேட் அணியின் சென்டர் ஃபீல்டர், 1998-ல் தேசியப் பட்டம் வென்றவர். 1996, 2000, 2004 ஒலிம்பிக்கில் தங்கம், 2008-ல் வெள்ளி. சாஃப்ட்பாலில் நான்கு ஒலிம்பிக் பதக்கம் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணுகிற பெண்களுக்குத்தான் உண்டு. 2000 சிட்னி இறுதியாட்டம் ஜப்பானோடு. மழை பெய்து ஊறிய மைதானம், 1-1, எட்டாவது இன்னிங்ஸ். லாரா இடது பக்கம் தூக்கி அடித்தார். ஜப்பானின் லெஃப்ட் ஃபீல்டர் பின்னால் ஓடி எட்டியும் பிடித்தார், ஆனால் பந்து கையுறையிலிருந்து நழுவிவிட்டது. ரன் வந்தது, தங்கம் அமெரிக்காவுக்கு. ஓர் அவுட்ஃபீல்டர் அடித்ததை இன்னோர் அவுட்ஃபீல்டர் விட்டதில் ஒலிம்பிக் முடிந்தது. எனக்கு அந்த ஜப்பானியப் பெண்ணை நினைத்துத்தான் அதிகம் வருத்தம். லாரா பின்னாளில் ஓரிகான் ஸ்டேட் அணிக்குப் பயிற்சியாளரானார்.

இனி ஸ்காலர்ஷிப். பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். முதல் பிரிவுக் கல்லூரிகளில் பல வருடமாக ஓர் அணிக்கு மொத்தம் 12 முழு ஸ்காலர்ஷிப் அளவுதான் அனுமதி, அதை இருபது சொச்சம் பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். முழுதாக வாங்கியவர்கள் குறைவு, கால் பங்கு, புத்தகச் செலவு என்று வாங்கியவர்களே அதிகம். 2025-ல் கல்லூரி விளையாட்டு வழக்கு ஒன்றில் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த 12 வரம்பு போய், அணிக்கு 25 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பணம் பெரிதாகப் புரள்வதும் உண்மை. டெக்ஸாஸ் டெக் அணிக்கு மாறிய நிஜரி கனடி என்ற பெண்ணுக்கு ஒரு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் என்று செய்தி வந்ததே, அவர் பிட்சர். அவுட்ஃபீல்டருக்கு அந்த விலை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கல்லூரி பயிற்சியாளர்கள் பிள்ளை பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1 வரும்வரை நேரில் பேசித் தங்கள் அணிக்கு அழைக்கக்கூடாது என்பது விதி. ஆகவே ஏழாம் வகுப்பில் "கல்லூரிகள் உங்கள் பெண்ணைக் கவனிக்கிறார்கள்" என்று எவராவது சொன்னால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்கவில்லை. ஒரு டிராவல் அணிக்காரர் அப்படிச் சொன்னார் என்று ஒரே வருடத்தில் கட்டணம், பெட்ரோல், ஹோட்டல், பேட் எல்லாம் சேர்த்து 4,000 டாலருக்கு மேல் இறைத்தேன். மகள் பாதி ஆட்டம் பெஞ்சில் இருந்தாள். அடுத்த வருடம் பழையபடி உள்ளூர் அணிக்குத் திரும்பினோம், அவளுக்கு அங்கேதான் சந்தோஷம். இங்கே பள்ளி அணிகளின் ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக வீசுகிற சாஃப்ட்பால்) சீசன் ஆகஸ்டில் தொடங்கும், அதற்குள் உள்ளூர் ஆட்டத்திலேயே போதுமான பழக்கம் வந்துவிடும்.

உங்கள் விசா விஷயமும் இதில் இருக்கிறது. நீங்கள் எச்1பி வேலை விசா, மகள் அதைச் சார்ந்த எச்4 என்று எழுதியிருந்தீர்கள். விளையாட ஒரு தடையும் இல்லை, ஸ்காலர்ஷிப் வாங்கவும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தடையில்லை. ஆனால் இப்போதெல்லாம் வீராங்கனைகள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்குகிறார்களே, அதை வேலைக்கு அனுமதியில்லாத விசாவில் வாங்கினால் சிக்கல். அவளுக்கு 21 வயதானால் எச்4-ம் முடிந்துவிடும். இதற்கு என் பேச்சையோ பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையோ கேட்காதீர்கள், அந்தக் கட்டம் வந்தால் குடிவரவு வக்கீலிடம் போங்கள்.

மே கடைசியில் அவளை ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிற டெவன் பார்க் சாஃப்ட்பால் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான். 1990 முதல் கல்லூரிகளின் தேசியத் தொடர் நடந்ததெல்லாம், ஒரு முறை தவிர, ஓக்லஹோமா சிட்டியில்தான், இந்த மைதானத்தில் 13,000 பேர் உட்காரலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பாலைக்கூட அங்கேதான் நடத்தப் போகிறார்கள். உட்கார இடம் வாங்கும்போது அடிக்கிறவருக்குப் பின்னால் வாங்காமல் அவுட்ஃபீல்ட் வேலியை ஒட்டி வாங்குங்கள். விலையும் குறைவாக இருக்கும், பந்து வராத நேரத்தில் அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று அவள் பக்கத்திலிருந்து பார்க்கலாம். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், அங்கே நிழலே கிடையாது.

என் மகளின் பழைய கிளவுஸ் ஒன்று கராஜில் கிடக்கிறது. 12 அங்குலம், நன்றாகப் பழகி மடங்குகிறது. புதிதாக வாங்கினால் அந்த மடிப்பு வரவே ஒரு சீசன் ஆகும். இடது கையில் மாட்டி வலது கையால் எறிகிறவர்களுக்கானது அது. உங்கள் மகள் எந்தக் கையால் எறிகிறாள் என்று மட்டும் எழுதுங்கள், சனிக்கிழமை எட்மண்ட் பக்கம் வருகிற வேலை இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.