டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: எந்தக் கதைகளின் பிள்ளை? (கேள்வி பதில்)

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் நாவல்களைத்தானே இப்படி விளையாட்டாக்கினார்கள்? எல்ஃப், ஆர்க் இனங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதானே?

ஆட்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான்; ஆட்டத்தின் போக்கு வேறிடத்தது. 1974இல் வந்த முதல் பதிப்பின் முன்னுரையில் ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் பெயர் சொல்லிக் கொண்டாடுவது பர்ரோஸின் செவ்வாய்க் கிரகக் கதைகளையும் ராபர்ட் ஹோவர்டின் வாள்வீரன் கோனானையும் டி காம்ப், பிராட் இருவரின் மாயக்கதைகளையும் எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபரையும். டோல்கீன் பெயரையே காணோம். உள்ளே புரட்டினாலோ டோல்கீனின் குள்ள இனமான ஹாபிட்டும் தீப்பூதமான பால்ரோகும் சட்டமாக உட்கார்ந்திருக்கின்றன! பிறகு டோல்கீன் படைப்புகளின் உரிமைக்காரர்கள் கிடுக்கிப்பிடி போட்டதும் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது.

டோல்கீனின் பங்கு குறைவு என்று கைகாக்ஸ் கடைசிவரை சாதித்தார். வழக்குப் பயமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனாலும் இதில் நான் அவர் பக்கம். டோல்கீனின் நாயகர்கள் உலகைக் காக்கப் புறப்படுகிறார்கள். இந்த ஆட்டத்தில் நாலைந்து பேர் பாதாள அறைக்குள் இறங்கி, பூதத்தை அடித்து, புதையலைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்து குடித்துத் தீர்க்கிறார்கள். இது லைபரின் கதை நாயகர்களான ஃபாஃப்ர்டும் கிரே மவுசரும் வாழ்ந்த வாழ்க்கை. சாணித்தாள் பத்திரிகைகளில் வளர்ந்த மரபு.

கேள்வி: பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது என்கிறார்களே, எப்படி?

1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் டிராகனும் மந்திரவாதியும் தலைகாட்டினார்கள். மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி அதற்கு முன்பே ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தியிருந்தார். அதில் படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பாத்திரம், ஆளுக்கு ஒரு நோக்கம். அதை ஆடிய டேவ் ஆர்னெசன் ‘பிளாக்மூர்’ கோட்டையையும் அதன் நிலவறைகளையும் உருவாக்கினார். ஒரே பாத்திரம் வாராவாரம் தொடர்ந்து, அனுபவம் சேர்த்து வளர்ந்தது அங்கேதான். ஒரே அடியில் ஆள் சாகாமல் இருக்க, போர்க்கப்பல் விளையாட்டு விதிகளிலிருந்து சேதக் கணக்கை எடுத்துக்கொண்டதாக ஆர்னெசனே சொல்லியிருக்கிறார். கைகாக்ஸ் எல்லாவற்றையும் கோத்து எழுதினார். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள்தான்.

யார் உண்மையான தந்தை என்ற பஞ்சாயத்து நீதிமன்றம் வரை போனது. இருவரில் ஒருவரை விட்டுவிட்டு இந்த ஆட்டத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: பழைய பதிப்புகளில் மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொன்னதும் அதை மறந்துவிடுகிறாரே, ஏன் இப்படி ஒரு விதி?

ஜாக் வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ (1950) செய்த வேலை. அதில் மந்திரத்தை மூளைக்குள் திணித்துக்கொள்ள வேண்டும். உச்சரித்த கணமே அது கழன்று போகும். மஸீரியன் என்ற மந்திரவாதி அரும்பாடுபட்டுப் பழகியும் வலிய மந்திரங்கள் நான்கு அல்லது எளியவை ஆறுதான் அவன் தலைக்குள் தங்கும். கதையில் இது விசித்திரமான அழகு. ஆட்டத்தில் மந்திரவாதிக்குக் கடிவாளம். இன்று எதை எடுத்துப்போவது என்று காலையிலேயே யோசிக்க வைக்கும் விதி இது.

வெட்டுப்பட்ட கை தானே ஊர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும், நெருப்புக்கு மட்டுமே அடங்கும் டிரோல் என்ற பூதம், போல் ஆண்டர்சனின் ‘திரீ ஹார்ட்ஸ் அண்ட் திரீ லயன்ஸ்’ நாவலிலிருந்து வந்தது. ஆட்டத்தில் பாத்திரங்கள் சேரும் ஒழுங்கு, குழப்பம் என்ற இரு கட்சிகளும் அங்கிருந்தும் எழுத்தாளர் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலிருந்தும் வந்தவை.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1979இல் வந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின் ‘பின்னிணைப்பு என்’ பகுதியில் தனக்கு உந்துதலான நூல்களின் பட்டியலைக் கைகாக்ஸே கொடுத்திருக்கிறார். முழுவதையும் படிக்க முனைய வேண்டாம். லைபர், பிறகு வான்ஸ்.

கேள்வி: நம் பக்கத்துக் கதைகள் ஏதும் உள்ளே போயினவா?

ராட்சசன் போயிருக்கிறான், புலித்தலையோடு, கையில் புகைக்குழாயோடு! பழைய விதிப்படி, புனிதப்படுத்திய அம்பு பட்டால் செத்துவிடுவானாம். இந்த அம்பு சமாசாரம் ராமாயணத்திலிருந்து வரவில்லை. ‘கோல்சாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1974இல் வந்த ஒரு கதையிலிருந்து வந்தது. ஆழமான தொடர்பு வேண்டுமானால் 1975இல் வந்த ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்ற விளையாட்டின் பக்கம் போங்கள். உருதுப் பாடநூல் எழுதிய பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர் உருவாக்கிய அந்த உலகில் ஐரோப்பியக் கோட்டைகளின் சாயல் குறைவு. இந்தியாவும் மாயா நாகரிகமும் மிகுதி.

கேள்வி: இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் அந்த ரஸ்ட் மான்ஸ்டர் எந்தப் புராணம்?

எந்தப் புராணமும் இல்லை. கடையில் மலிவாகக் கிடைத்த பிளாஸ்டிக் பொம்மை ஒன்றுக்கு விதி எழுதினார்கள், அவ்வளவுதான்.