வெயில் சுடவில்லை என்றால் புற ஊதாக் கதிர் இல்லை என்று அர்த்தமா?

மேகமூட்டமான நாளில் வெயில் உறைப்பதே இல்லையே, அப்போதும் புற ஊதாக் கதிர் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கும். நான் இதைத் தெரிந்துகொண்டது வெயிலில்கூட இல்லை, ஒரு வெல்டிங் பட்டறையில்.

நண்பர் ஒருவர் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். இரும்புக் குழாயைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால் பக்கத்தில் நின்றேன். அவர் முகத்தில் கவசம், என் முகத்தில் ஒன்றும் இல்லை. நேராகப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் ஓடியிருக்கும். கண்ணில் எரிச்சலும் இல்லை, சூடும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். நடுராத்திரியில், யாரோ கண்ணுக்குள் கைப்பிடி மணலை அள்ளிப் போட்டதுபோல் விழிப்பு வந்தது. தாரை தாரையாகத் தண்ணீர். விளக்கைப் போட்டால் இன்னும் மோசம். காலையில் பார்த்த கண் மருத்துவர், வெல்டிங் வெளிச்சத்தில் இருந்த புற ஊதாக் கதிரால் கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும் என்றார். ஆறியது. பனிமலை ஏறுபவர்களுக்கும் இதே தொல்லை வருமாம். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். அங்கே குளிர் நடுக்கும், கண் வேகும்.

சரி, சூடே தெரியாமல் எப்படி வேகும்? வெயிலில் நமக்கு உறைப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான். புற ஊதாக் கதிரை உணர நம் உடம்பில் எந்தப் புலனும் கிடையாது. இவை கண்டுபிடிக்கப்பட்ட விதமே இதைச் சொல்லிவிடும். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார், சூடு ஏறியது. மறு வருடம் யோகான் ரிட்டர் ஊதாவுக்கு அப்பால் வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளிக் குளோரைடை வைத்தபோது அது சட்டென்று கறுத்தது. ஒரு முனையில் சூடு, மறுமுனையில் ரசாயன மாற்றம். தோலிலும் அதுதான் கதை. புற ஊதாவில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள யுவி-பி என்ற வகை நேராக டிஎன்ஏவில் கை வைக்கிறது. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான தைமின் அடுத்தடுத்து இரண்டு இருந்தால் அவற்றை ஒட்டவைத்துவிடுகிறது. செல் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும். தப்பிப்போன சில வருடக்கணக்கில் சேர்ந்தால் தோல் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். தோல் சிவப்பதும் சில மணி நேரம் கழித்துத்தான், அதற்குள் வாங்கவேண்டியதை வாங்கியிருப்போம்.

இப்போது உங்கள் மேகம். அடர்ந்த கருமேகம் நன்றாகவே தடுக்கும். மெல்லிய மேகமோ சூட்டைக் குறைத்துவிட்டு, புற ஊதாவில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். சுடாததால் நாமும் கூடுதல் நேரம் வெளியே நிற்போம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

கண்ணாடி நேர்மாறாக ஏமாற்றும். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவி-பியை நிறுத்திவிடும், அதைவிட நீண்ட அலைநீளம் கொண்ட யுவி-ஏவில் கணிசமான பங்கை விட்டுவிடும். அதனால் தோல் சிவக்காது, ஆனால் உள்ளே சுருக்கம் விழுந்துகொண்டிருக்கும். 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த பாதி முகம் மட்டும் பல வருடம் மூத்துப்போயிருந்தது. இணையத்தில் தேடிப் பாருங்கள், ஒரு முறை பார்த்தால் மறக்காது.

வெயிலே ஆகாது என்று பயப்பட வேண்டாம், வைட்டமின் டி தயாராக அதே யுவி-பிதான் வேண்டும். நான் சூட்டை நம்புவதில்லை, நிழலைப் பார்க்கிறேன். என் நிழல் என் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் உச்சியை நெருங்கிவிட்டது, தொப்பியும் முழுக்கையும் வேண்டும். நிழலே விழாத மேகமூட்டமான நாளில் போனில் புற ஊதாக் குறியீட்டை, அதாவது அந்த நேரத்தில் புற ஊதா எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சொல்லும் எண்ணை, பார்ப்பேன். 3ஓ அதற்கு மேலோ இருந்தால் அதே ஏற்பாடு.

அப்புறம், கூலிங் கிளாஸ் வாங்கினால் கறுப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்துகொள்ளும், பாதிப்பு கூடலாம். ‘யுவி 400’, அதாவது 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாவைத் தடுக்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இது வெளியில் போகத்தான். வெல்டிங் பக்கம் நிற்க அதற்கென்று உள்ள கவசமே வேண்டும்.