செட்டிநாடு சுற்றிப் பார்க்க எந்தச் செருப்பு?

மார்கழி பிறந்ததும் காரைக்குடிப் பக்கம் வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கிவிடும். பொங்கல் விடுமுறை முடியும் வரை கூட்டம் குறையாது. அப்படி வரப்போகிறவர்களும் வந்து திரும்பியவர்களும் எழுதிய கடிதங்களில் காலணி பற்றிய கேள்விகளை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் நால்வர், ஜனவரியில் மூன்று நாள் காரைக்குடியில் தங்கி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் பார்க்கப் போகிறோம். எல்லோருக்கும் லேஸ் கட்டும் ஷூ வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். சாதாரணச் செருப்பே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை வாங்குவது? – வாசகி, சென்னை

பதில்: கடைக்குப் போகும் முன், ஒரு நாளில் எத்தனை முறை காலணியைக் கழற்றப் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் பிள்ளையார்பட்டி, அடுத்துக் குன்றக்குடி மலை, பிறகு கானாடுகாத்தானில் ஒரு வீடு, ஆத்தங்குடியில் ஒரு வீடு, மாலையில் கொப்புடையம்மன் கோயில். கோயிலில் மட்டும் அல்ல, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளிலும் திண்ணையேறும்போதே செருப்பைக் கழற்றுவதுதான் முறை. அதற்கு மரியாதை மட்டும் காரணம் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் முதுகில் சிமெண்டும் மணலும் இட்டு வார்ப்பது, இந்த வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கியிருக்கும். செருப்படியில் ஒட்டி வரும் செம்மண் பருக்கைகள் அந்த முகத்தைக் கீறிவிடும்.

ஆக, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை குனிந்து முடிச்சை அவிழ்த்து, ஐந்தாறு முறை மறுபடி கட்ட வேண்டும். இரண்டாம் நாளே யாராக இருந்தாலும் லேஸைத் தளர்த்தி வைத்து, ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படி மடங்கிய ஷூ குதிகாலைப் பிடிக்காது. ஒவ்வோர் அடியிலும் உராய்ந்து கொப்புளம் போடும்.

ஹவாய் செருப்பும் இந்தப் பயணத்துக்கு ஆகாது. அது கழன்று போகாமல் இருக்க விரல்கள் அடிக்கு அடி மடங்கி இறுகுகின்றன. தெருமுனைக் கடைக்குப் போய் வரும்போது இது தெரிவதில்லை. நாள் முழுவதும் நடந்தால் இரவில் கெண்டைக்கால் இழுக்கும். இன்னொன்று, இந்த வட்டாரம் எங்கும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதன் முள், தேய்ந்த மெல்லிய அட்டையைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். படம் எடுக்க ஊருணிக் கரையில் இறங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

என் தேர்வு, பின்வார் உள்ள ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) சாண்டல். முன்பாதம், கணுக்காலுக்குக் கீழே, குதிகாலுக்குப் பின்னே என மூன்று இடங்களில் அது காலைப் பிடிக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாக இறுக்கித் தளர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. மாலையில் கால் வீங்கும்போது அதன் அருமை புரியும். அடிப்பாகம் பள்ளம் பள்ளமாக வெட்டிய ரப்பராக இருக்கட்டும். திருமயம் கோட்டையில் படி முடிந்ததும் சரிந்த பாறையில் நடக்க வேண்டியிருக்கும். அங்கே வழவழப்பான அடி வழுக்கும்.

காலையில் வாங்கிய செருப்பு மாலையில் கடிக்கும் என்பதால் மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். இரண்டு கால்களிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் அளவு. நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு நீளமான விரல் பெருவிரல் இல்லை, இரண்டாம் விரல். பிறகு செருப்பைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் சரி. நடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

“போடப் போடச் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தோல் அகலவாக்கில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ரெக்சின் அந்த அளவுகூட இளகிக் கொடுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். கோட்டைப் படியில் தடுக்கி விழுவது அந்தச் செருப்பால்தான். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, தினமும் ஒரு மணி நேரம் எல்லோரும் போட்டு நடந்து பழகிவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்கிறார். நகரத்தாரின் குலக்கோயில்களான ஒன்பது நகரக் கோயில்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவருக்கு எப்படிப்பட்ட செருப்பு வாங்குவது? – வாசகி, திருச்சி

பதில்: அவர் ஆசை நிறைவேற வேண்டும். ஆனால் இது செருப்போடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பதுமே கற்கோயில்கள். வெயிலேறிய பிரகாரக் கல்லில் கால் வைத்ததும் நமக்குச் சுடும், உடனே நிழலுக்கு ஓடிவிடுவோம். உணர்ச்சி குறைந்தவருக்கு அந்த எச்சரிக்கை வராது. நிதானமாகச் சுற்றி வந்துவிடுவார். இரவில் பார்த்தால் உள்ளங்கால் முழுவதும் கொப்புளமாக இருக்கும். அந்தப் புண் ஆற நாளாகும், சில நேரம் காலுக்கே ஆபத்தாக முடியும். ஆகவே ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து, காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் மட்டும் போங்கள். தடித்த வெள்ளைக் காலுறையோடு உள்ளே போகலாமா என்று ஒவ்வொரு கோயில் வாசலிலும் விவரம் சொல்லிக் கேளுங்கள். வெள்ளை ஏன் என்றால், இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கறை தெரியும்.

செருப்புக்கு வருகிறேன். எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். நுண்ணறை ரப்பர் என்னும் மெத்தென்ற உள்ளடி கொண்டது அது. உடலின் எடை ஒரே இடத்தில் குவியாமல் பாதம் முழுவதும் பரவச் செய்கிறது. அதிலும் விரலிடுக்கில் வார் உள்ளதை வாங்கவே கூடாது. பின்வார் கட்டாயம் வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செருப்பு காலைவிட்டு நழுவிப் போனதே தெரியாது, வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார்கள். மெத்தென்ற உள்ளடிக்குக் கீழே முள் ஏறாத கெட்டியான வெளியடி இருக்கிறதா என்றும் பாருங்கள். மெத்தென்று இருந்தால் போதும் என்று அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

அளவை அப்பாவிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இறுக்கமான செருப்பே அவருக்குச் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஒரு தாளில் அவரை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோங்கள். செருப்பின் உள்ளடி கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். பயணத்துக்கு முன் ஒருமுறை அவரது மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள். பாதத்தில் ஏற்கெனவே புண்ணோ வடிவ மாற்றமோ இருந்தால் கடைச் செருப்பு போதாது, காலுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

பயணத்தின்போது ஒவ்வொரு முறையும் செருப்பை மாட்டும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கல்லோ முள்ளோ இருக்கலாம். இரவில் உள்ளங்காலை நீங்களே பாருங்கள். விடுதியில் கால் கழுவ வெந்நீர் கொடுத்தால் சூட்டை அவர் காலால் பார்க்க வேண்டாம், உங்கள் கையால் பாருங்கள்.

கேள்வி: இரண்டரை வருடத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஷூ. மூன்று முறைதான் போட்டிருப்பேன். திருமயத்தில் பாதிப் படி ஏறும்போது அடிப்பாகம் கேக்கைப் போல உதிர்ந்துவிட்டது. இது மோசடி இல்லையா? – வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் மோசடி என்று உடனே சொல்லிவிட முடியாது. நீங்கள் சொல்லும் விதத்தில் உதிர்வது பாலியூரித்தேன் என்னும் பி.யு. அடிப்பாகம். காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கிறது. போட்டு நடந்தாலும் அது நடக்கும், போடாமல் வைத்திருந்தாலும் நடக்கும். புழுக்கமான அலமாரியில் பெட்டிக்குள் பூட்டி வைத்த ஷூ சீக்கிரமே உதிரும். விசேஷத்துக்கு என்று பத்திரப்படுத்துகிற வழக்கம் இந்த ஒரு பொருளில் நமக்கு எதிராகத் திரும்புகிறது.

இதைத் தவிர்க்க, வாங்கும்போது பெட்டியில் விலையைப் பார்ப்பதைப் போல, தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் அவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நான்கு வருடப் பழைய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால், அந்த ஷூவின் ஆயுளில் நான்கு வருடம் ஏற்கெனவே கடையில் கழிந்துவிட்டது என்று பொருள். ரப்பர் அடி இப்படி உதிர்வதில்லை. இ.வி.ஏ. என்னும் இலேசான நுரை அடியும் உதிராது, ஆனால் நாளாக ஆக அமுங்கித் தட்டையாகும்.

உங்கள் பெட்டி வீட்டில் இருந்தால் தேதியைப் பாருங்கள். விற்றபோதே மிகப் பழைய சரக்கு என்றால் தயாரிப்பு நிறுவனத்துக்குப் படத்துடன் எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு என்பதால் வழக்கு என்ற அளவில் உங்கள் நிலை பலவீனமானது.

கேள்வி: காரைக்குடி போனபோது அங்கே ஒரு கடையில் சாண்டல் வாங்கினேன். மறுநாளே வார் அடியோடு பெயர்ந்துவிட்டது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று ரசீதில் இருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். இனி என்ன செய்வது? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: ரசீதை வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய பலம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்ப வேண்டும். ரசீது தர மறுப்பதும் அதே வகையில்தான் சேரும். அச்சிட்ட ஒரு வரியால் சட்டம் தந்த உரிமை போய்விடாது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். வார் பெயர்ந்தது பொருளின் குறை. அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பது குறை இல்லை; அதை மாற்றித் தருவது கடையின் விருப்பம்.

பெயர்ந்த இடத்தைப் படமெடுத்து, ரசீதின் நகலோடு கடைக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். செருப்பைத் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சான்று. பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சிவகங்கைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கேள்வி: மூன்று நாளுக்கு ஒரே ஜோடி போதுமா? – வாசகி, கோவை

பதில்: போதாது. கோயில் வாசலில் செருப்பு மாறிப்போவது உண்டு, வார் அறுவதும் உண்டு. வீட்டில் போட்டுப் பழகிய பழைய ஜோடி ஒன்றைப் பையின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பிளாஸ்டர் நான்கு, ஒரு சிறிய துணிப்பை. செருப்பு விடும் இடம் இல்லாத வீடுகளில் கழற்றிய செருப்பைத் துணிப்பையில் போட்டு உங்களோடே எடுத்துச் செல்லலாம். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பில் நுழைந்து பின்கட்டு வழியாக வெளியே வந்தால், செருப்பு முன்தெருவில் இருக்கும், நீங்கள் வெயிலில் பின்தெருவில் நிற்பீர்கள்.