பழங்காலச் சாயலில் திருமண அழைப்பிதழை நாமே வடிவமைப்பது எப்படி?

பழைய காலத் தோற்றமுள்ள அழைப்பிதழை நாமே வடிவமைக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எந்தக் காலம் என்று முடிவு செய்யுங்கள். வெறுமனே 'பழையது' என்று இறங்கினால் விக்டோரியா காலப் பூக்கொடியும் 1920களின் கோண வடிவங்களும் ஒரே அட்டையில் மோதிக்கொள்ளும். 1925 பாரிஸ் கண்காட்சியால் பெயர் பெற்ற ஆர்ட் டெகோ பாணி என்றால் நேர்கோடுகள், விசிறி வடிவங்கள், கறுப்பும் தங்க நிறமும் போதும். ஆங்கில எழுத்துக்கு 1927இல் வந்த ஃபியூச்சரா என்ற எழுத்துரு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் பழமையை உண்மையில் உணர்த்துவது தாள்தான். பளபளப்பான அட்டை எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். மெருகில்லாத, தந்த நிறப் பருத்தித் தாளை எடுங்கள். விரலில் லேசான சொரசொரப்புத் தட்டும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) நல்ல கனம், உங்கள் பிரிண்டர் அதை இழுக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு மையைவிட அடர்பழுப்பு அழகு. கறை படிந்த தாளின் படத்தைப் பின்னணியாக வைப்பது எனக்குப் பிடிக்காது, அச்சில் அழுக்காகவே தெரியும். பழைய நூல்களின் ஓரச் சித்திரங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யலாம். காப்புரிமை முடிந்தவையா என்று உறுதிசெய்யுங்கள். விளிம்புவரை நிறம் வந்தால், வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க அந்த நிறத்தைச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். தேதியையும் இடத்தையும் மட்டும் சுழித்த அலங்கார எழுத்தில் போடாதீர்கள்; வயதானவர்களும் சிரமமின்றிப் படிக்க வேண்டும்.