ஃபெலனி வழக்கில் மாட்டினால்: டெக்சாஸ் தமிழர் கேட்டவையும் என் பதில்களும்

ஹூஸ்டனில் ஒரு கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீலிடம் பல வருடங்களாகப் பாராலீகலாக, அதாவது சட்ட உதவியாளராக, இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இங்கே சொல்வதெல்லாம் டெக்சாஸில் ஃபெலனி, அதாவது பெரிய குற்ற வழக்குகளின் நடைமுறை. பக்கத்து மாநிலத்திலேயே கதை வேறு. உங்கள் வழக்கின் விவரங்களை இங்கே கொட்டாதீர்கள், பொதுவாகக் கேளுங்கள்.

அக்கா, மகன் டாலஸில் எம்.எஸ். படிக்கிறான். காரில் கஞ்சா கலந்த கம்மி (gummy) மிட்டாய் பாக்கெட் இருந்ததாம். ஃபெலனி என்கிறார்கள். மிட்டாய்க்கா ஃபெலனி?

ஆமாம். மாதத்துக்கு ஒரு பெற்றோராவது இதே அதிர்ச்சியோடு போன் செய்கிறார்கள். டெக்சாஸ் சட்டத்தில் கஞ்சா இலை ஒரு கணக்கு, அதிலிருந்து பிரித்தெடுத்த டிஎச்சி, அதாவது போதை தரும் வேதிப்பொருள், வேறு கணக்கு. இலை கொஞ்சமாக இருந்தால் மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். டிஎச்சி எண்ணெயோ கம்மியோ ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. 180 நாள் முதல் 2 வருடம் வரை போகலாம். வயிற்றைக் கலக்கும் விஷயம் இனிமேல்தான்: கம்மியில் உள்ள டிஎச்சியை மட்டும் நிறுக்க மாட்டார்கள், சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்து நிறுப்பார்கள். ஒரு பாக்கெட் சுலபமாக 4 கிராமைத் தாண்டிவிடும். தாண்டினால் இரண்டாம் நிலை ஃபெலனி, 2 முதல் 20 வருடம்.

பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம். அது சட்டப்படி விற்கும் ஹெம்ப் (டிஎச்சி மிகக் குறைந்த கஞ்சா வகை) சரக்கா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று நல்ல வக்கீல் முதல் நாளே கேட்பார்.

கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி ஜாமீன் தொகை சொல்வார்கள். 20,000 டாலர் என்றால் முழுவதையும் கோர்ட்டில் கட்டலாம். அவன் எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக வந்தால் வழக்கு முடிந்ததும் பணம் திரும்பி வரும். இல்லையென்றால் உங்களுக்காக ஜாமீன் பொறுப்பேற்கும் பெயில் பாண்ட் கடைக்காரரிடம் பொதுவாகப் பத்து சதவீதம், 2,000 கட்ட வேண்டும். அது போனது போனதுதான். ஆனால் கையில் இருக்கும் முழுப் பணத்தையும் ஜாமீனுக்கே கொட்டிவிட்டு வக்கீலுக்குக் காசில்லாமல் நிற்காதீர்கள்.

டிடெக்டிவ் போன் செய்தார். "சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள், கைது இல்லை" என்கிறார். போகாவிட்டால் குற்றவாளி என்று நினைக்க மாட்டாரா?

நினைத்துக்கொள்ளட்டும். அவர் நினைப்பதை வைத்து ஜூரி தீர்ப்பு சொல்லாது, நீங்கள் பேசியதை வைத்துச் சொல்லும்.

நம் ஆட்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. 2013இல் சலினாஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில், கைதாகாத ஒருவர் ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறக்காமல் இருந்ததை அவருக்கு எதிராகவே அரசுத் தரப்பு காட்டியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உரிமையைக் கோருகிறேன் என்று அவர் வாயால் சொல்லவில்லையாம். அதனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "ஐ வில் நாட் ஆன்ஸர் கொஸ்டின்ஸ். ஐ வான்ட் எ லாயர்." "மே பி ஐ ஷுட் டாக் டு எ லாயர்" என்று மரியாதையாக இழுத்தால் கணக்கில் வராது. 1994லேயே தீர்ப்பு இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன்னைப் போலீஸ்காரரின் சட்டைக் கேமரா (பாடிகேம்) எடுத்த வீடியோவைப் பார்த்தார். பதினோராவது நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நான் இவ்வளவு பேசினேனா?" என்றார். போலீஸ்காரர் கேட்டது நாலே கேள்வி.

ஜெயிலில் இருந்து தம்பி போனில் பேசுகிறான். தமிழில்தானே பேசுகிறோம், பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. எல்லாம் பதிவாகும், மொழிபெயர்க்க ஆளும் கிடைக்கும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்துங்கள்.

சண்டையில் கணவர் கழுத்தைப் பிடித்தார், 911 அழைத்தேன். இப்போது அவர் மேல் ஃபெலனி. கேஸை வாபஸ் வாங்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்களைப் பற்றி. கழுத்தில் கை வைத்தது சாதாரணச் சண்டை இல்லை. மூச்சு தடைப்பட்டது என்றால் டெக்சாஸில் அது மூன்றாம் நிலை ஃபெலனி, 2 முதல் 10 வருடம். சட்டம் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மாமியாரோ கணவரின் நண்பர்களோ "ஒரு கையெழுத்துதானே" என்று அழுத்தினால், பதில் சொல்லும் முன் 1-800-799-7233ஐக் கூப்பிடுங்கள். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண்.

இனி உங்கள் கேள்வி. இது நீங்கள் போட்ட வழக்கு இல்லை, "டெக்சாஸ் மாநிலம் எதிர் உங்கள் கணவர்". வழக்கு வேண்டாம் என்று நீங்கள் அஃபிடவிட் கொடுக்கலாம், அரசு வக்கீல் படித்துப் பார்ப்பார். கைவிட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. 911 பதிவு அவர் கையில் இருக்கிறது. உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள், கணவரின் வக்கீல் உங்கள் வக்கீல் ஆக மாட்டார். நடந்ததை மாற்றி எழுதித் தந்தால் நீங்களும் மாட்டுவீர்கள்.

அப்புறம், வீட்டுக்கு வரக்கூடாது என்று மாஜிஸ்ட்ரேட் அவசர உத்தரவு போட்டிருந்தால், நீங்களே கூப்பிட்டாலும் அவர் வரக்கூடாது. சாம்பார் டப்பா வாங்க வந்தவர் திரும்ப ஜெயிலுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். டிஃபர்ட் அட்ஜுடிகேஷன் வாங்கித் தருகிறேன், ரெகார்டில் குற்றத் தீர்ப்பு, அதாவது கன்விக்‌ஷன் வராது என்று வக்கீல் சொல்கிறார். கையெழுத்து போடலாமா?

நிறுத்துங்கள்! இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

உங்கள் வக்கீல் பொய் சொல்லவில்லை. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வீர்கள், நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்து ப்ரொபேஷனில் (நிபந்தனைகளோடு கண்காணிப்பில்) விடுவார், ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சாஸைப் பொறுத்தவரை கன்விக்‌ஷன் இல்லை. குடிவரவுச் சட்டமோ வேறு கண்ணாடி போட்டிருக்கிறது: ஒப்புக்கொண்டீர்களா, நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்தாரா? இரண்டும் இருந்தால் கன்விக்‌ஷன்தான். பக்கத்து மேசை அமெரிக்கருக்குக் கிடைத்த அதே நல்ல டீல், உங்களுக்கு ஏர்போர்ட்டுக்கு வழி காட்டும். போதைப்பொருள், குடும்ப வன்முறை, மோசடி வழக்குகளில் இந்த ஆபத்து அதிகம். கிரீன் கார்டும் காப்பாற்றாது. ஹோசே படில்லா நாற்பது வருடமாக நிரந்தரக் குடியிருப்பாளர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். கென்டக்கியில் கஞ்சா கடத்தல் வழக்கில், நாடு கடத்தல் பற்றிக் கவலைப்படாதே என்ற வக்கீலின் பேச்சை நம்பி ஒப்புக்கொண்டு மாட்டினார். 2010இல் உச்ச நீதிமன்றம், நாடு கடத்தும் ஆபத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்றது.

குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, விசாரணைக்கு முன்பே நிபந்தனைகளோடு முடிகிற ப்ரீட்ரையல் டைவர்ஷன் கிடைக்குமா என்று கேளுங்கள். எதில் கையெழுத்து போடுவதானாலும் ஒரு இமிக்ரேஷன் வக்கீல் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும்.

நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபீஸ் எப்படி?

முதல் சந்திப்பில் "நீங்கள் சிட்டிசனா, என்ன விசா?" என்று அவராகவே கேட்கிறாரா பாருங்கள். கேட்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். என் கணக்கில் இதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மற்றதில் முக்கியம், டெக்சாஸில் கிரிமினல் லாவில் போர்டு சர்டிஃபைட் (அந்தத் துறையில் நிபுணர் என்று சான்று பெற்றவர்) ஆனவரா என்பது. அந்தக் கவுன்டி கோர்ட்டில் தினமும் நிற்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. ஃபீஸ் பெரும்பாலும் மொத்தமாகப் பேசுவார்கள். அது கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) வரைக்குமா, ட்ரையல் வரைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். விடுதலை ஆனால் மட்டும் பணம் கொடுங்கள் என்பவரிடம் போகாதீர்கள், கிரிமினல் வழக்கில் அந்த ஏற்பாட்டுக்கே தடை இருக்கிறது.

சீக்கிரம் பிடியுங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட கிராண்ட் ஜூரியில் ஒன்பது பேர் சரி என்றால்தான் குற்றச்சாட்டு பதிவாகும். அதற்கு முன்பே உங்கள் பக்க ஆவணங்களை அனுப்பி வழக்கை அங்கேயே நிறுத்திய வக்கீல்கள் உண்டு.

பணமே இல்லை என்றால்?

கோர்ட்டே வக்கீலை நியமிக்கும். 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கிடியன் தீர்ப்பு அது. சிட்டிசனாக இருக்கத் தேவையில்லை. மாஜிஸ்ட்ரேட் முன்னாலேயே கேளுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட் காப்பி கேட்டால் என் வக்கீல் தர மறுக்கிறார். ஏமாற்றுகிறாரோ?

இல்லை, பாவம். மைக்கேல் மார்ட்டன் மனைவியைக் கொன்றதாகக் கிட்டத்தட்ட 25 வருடம் சிறையில் இருந்தார், 2011இல் நிரபராதி என்று வெளியே வந்தார். அவருக்குச் சாதகமான சாட்சியங்களை அரசு வக்கீல் மறைத்திருந்தார். அவர் பெயரிலேயே வந்த சட்டம் 2014 முதல், கோப்பை டிஃபென்ஸுக்குத் திறந்து காட்டச் சொல்கிறது. அதே சட்டம்தான் கட்சிக்காரருக்குக் காட்டலாம், காப்பி தரக்கூடாது என்கிறது. நேரம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து படியுங்கள். நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.

ஜாமீனில் இருக்கிறேன். ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. போய்விட்டு வரலாமா?

இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று, வெளிநாடு போக நீதிபதி அனுமதி. வக்கீல் மனு போட்டால் சில நேரம் கிடைக்கும், மருத்துவமனைக் கடிதத்தை இணையுங்கள். இரண்டாவது கதவு விசா. கைதுக்கே அமெரிக்கத் தூதரகம் விசாவை ரத்து செய்திருக்கலாம். உள்ளே உங்கள் ஸ்டேட்டஸ் அதனால் என்ன ஆகும் என்று இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள்; வெளியே காலை வைத்தால் அந்த விசாவில் திரும்ப வர முடியாது. விசாவுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த மின்னஞ்சலை இன்றிரவே திறந்து, ஸ்பாம் பெட்டி உட்படத் தேடுங்கள். டிக்கெட் அதற்கு அப்புறம்.